கவிழ்த்து வைத்த டம்ளர்

நாலு மணிக்கு எழுந்திருப்பது பெரிய காரியம் இல்லை. எழுந்த பிறகு கண்ணைத் திறப்பதுதான் பெரிய காரியம். நான் பாதிக் கண்ணோடுதான் அடுப்பைப் பற்றவைப்பேன். ஒரு பக்கம் இரண்டு முட்டை வேகும், மறு பக்கம் டீக்குத் தண்ணீர் கொதிக்கும். முட்டை வேகிற நேரத்துக்குள் முகம் கழுவி, தலை வாரி, சீருடையை மாட்டிக்கொள்ள வேண்டும். கண்ணாடி முன்னால் இன்னும் கொஞ்சம் நிற்கலாம் என்று ஆசைப்பட்டால் முட்டை கல்லாகிவிடும். அதனால் நான் கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டேன். பார்த்தாலும் அங்கே ஒன்றும் புதிதாக இருக்கப் போவதில்லை.

ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் ஐந்தரைக்கு வேலைக்குள் நுழைய முடியும். ஒன்பது மாடி ஆபீஸ்; அதில் மூன்று மாடி என் தலையில். எட்டரைக்கு டை கட்டினவர்கள் வருவதற்குள் தரை, கண்ணாடி, கழிப்பறை எல்லாம் பளபளவென்று இருக்க வேண்டும். பளபளப்பு கண்ணில் படலாம், பளபளக்க வைத்தவர்கள் படக்கூடாது. செல்போனை மேலே கொண்டு போக விடமாட்டார்கள். அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஏழு மணி டீ இடைவேளையில்தான் எடுக்கலாம்.

என் வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். காலையில் பதினான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளியில் விட வேண்டும், மாலையில் அதே பதினான்கையும் அவரவர் வாசலில் இறக்க வேண்டும். அதற்குப் பிறகு அதே வேனில் மருந்துக்கடைகளுக்குப் பெட்டி இறக்குகிற வேலை. எங்கள் மகன் விடுதியில் தங்கிப் படிக்கிறான். அவன் படிப்பு ஓடுவதே அந்த வேனில்தான். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தால் மனுஷன் கட்டை. பக்கத்தில் இடி விழுந்தாலும் ஐந்தே கால் மணி அலாரத்துக்குத்தான் எழுந்திருப்பார் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவருக்குச் சர்க்கரை. தினமும் காலையில் இன்சுலின் ஊசி. குத்தி அரை மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை கடகடவென்று இறங்கி ஆளைக் கவிழ்த்துவிடும். போன வருஷம் தானே குத்திக்கொண்டு, அப்படியே கண்ணயர்ந்து, நேரமாகிவிட்டதென்று சாப்பிடாமல் ஓடினார். ஒரு திருப்பத்தில் தலை சுற்றி, வேன் ஒரு மதில் சுவரை உரசிக்கொண்டு நின்றது. நல்ல வேளை, பிள்ளைகள் ஏறவில்லை. வேன் முதலாளி கத்தவில்லை, திட்டவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா சாவியைக் குடுத்துடுப்பா. நானும் கேட்க மாட்டேன், நீயும் கெஞ்சக்கூடாது" என்று மட்டும் சொன்னார். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

அன்றைக்கே அந்த ஊசிப் பொறுப்பை நான் பிடுங்கிக்கொண்டேன். கிளம்புகிற கடைசி நிமிஷம், நாலே முக்காலுக்கு, சட்டையை மெல்லத் தூக்கி வயிற்றில் குத்திவிடுவேன். அவர் அசைய மாட்டார். பதினொரு மாதத்தில் அவரை ஒரு நாள்கூட எழுப்பாமல் குத்தக் கற்றுக்கொண்டேன். பாவம், இன்னும் அரை மணி தூங்கட்டுமே. எனக்கு அதில் ஒரு கர்வமே உண்டு. என் வாழ்க்கையில் கர்வப்பட வேறு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

குத்திவிட்டேன் என்று தூங்குகிற ஆளுக்கு எப்படிச் சொல்வது? சீட்டு எழுதி வைத்தால் அது காற்றில் பறந்து கட்டிலுக்கு அடியில் போய்விடும். ஆகவே டம்ளர். தலைமாட்டு ஸ்டூலில் அவருடைய டம்ளர் இருக்கும், பக்கத்தில் பிளாஸ்க்கில் டீ, மூடி வைத்த தட்டில் நாலு துண்டு ரொட்டி, இரண்டு முட்டை. ஊசி போட்டாயிற்று என்றால் டம்ளரைக் கவிழ்த்துவிட்டுப் போவேன். கவிழ்ந்திருந்தால் எழுந்ததும் சாப்பிட வேண்டியது. நிமிர்ந்திருந்தால் நான் மறந்துவிட்டேன் என்று அர்த்தம். தானே குத்திக்கொண்டு சாப்பிட வேண்டியது. இந்தப் பதினொரு மாதத்தில் இரண்டே இரண்டு நாள் நிமிர்ந்திருந்தது. இரண்டு நாளும் நான் நின்றுகொண்டே தூங்கியிருக்கிறேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வீட்டுக்குத்தான் என் நாத்தனார் வந்து சேர்ந்தாள். அவருடைய ஒரே தங்கை. புருஷனோடு ஏதோ மனஸ்தாபம், ஒரு பையோடு வந்துவிட்டாள். வா என்றேன். தலையணை கொடுத்தேன். துடைப்பம் எங்கே இருக்கிறது என்று சொன்னேன். அதற்குமேல் அவளோடு உட்கார்ந்து பேச எனக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. அவள் நாள் முழுக்க ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் எனக்கு உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது, சிங்க்கில் பாத்திரம் மலை மாதிரி கிடந்தது. வாய் சும்மா இருக்கவில்லை.

"விருந்தாளி மாதிரி எத்தனை நாளைக்குத்தான் உட்கார்ந்திருப்ப?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் முகம் சுருங்கிப் போயிற்று. எழுந்து போய்ப் பாத்திரத்தைத் தேய்த்தாள். எனக்கு உள்ளே சுருக்கென்றது. ஆனாலும் போய் ஒரு வார்த்தை ஆறுதலாகப் பேசவில்லை. படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை வழக்கம்போல எழுந்தேன், வழக்கம்போலக் குத்தினேன், வழக்கம்போல டம்ளரைக் கவிழ்த்தேன். அன்றைக்கு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கவிழ்க்கும்போது டம்ளரின் அடியில் பழைய டீக் கறை இருந்தது. சாயங்காலம் தேய்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

ஏழு மணி இடைவேளையில் போனை எடுத்தேன். தண்ணீர் மோட்டார் போட மறந்தது ஞாபகம் வந்து வீட்டுக்கு அடித்தேன். நாத்தனார்தான் எடுத்தாள்.

"மோட்டாரைப் போட்டுடு. தொட்டி நிரம்புற வரைக்கும் கிட்டயே நில்லு, இல்லேன்னா மாடிப்படி குளமாயிடும்."

"சரி அண்ணி." அவள் போனை வைக்கவில்லை. "அண்ணி, ஒண்ணு சொல்வேன், கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லித் தொலை. டீ ஆறுது."

"அண்ணன் உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னுதான் சொன்னார். இருந்தாலும் உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு எனக்கு மனசு கேட்கலை. நீங்க இன்னிக்கு ஊசி போட மறந்துட்டீங்களாம். அவரே குத்திக்கிட்டார். 'பாவம், அவளே தூங்கி வழிஞ்சுக்கிட்டு ஓடியிருப்பா, இதைச் சொல்லி வேற அவளை நோகடிக்காதே'ன்னு சொல்லிட்டுப் போனார்."

கையிலிருந்த டீயைக் கீழே வைத்தேன்.

"மறக்கலையே. நான் குத்தினேன். டம்ளரைக் கவிழ்த்து வெச்சேனே!"

"அதுவா? அழுக்கா இருந்துச்சு அண்ணி. நீங்க போனதும் எடுத்துக் கழுவி, அண்ணன் டீ ஊத்திக்க வசதியா நிமிர்த்தி வெச்சுட்டுக் குளிக்கப் போனேன்."

அவள் குரலில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கவில்லை என்று எனக்குக் காட்டுகிற பெருமை. நான் போனை வைத்துவிட்டு அவருக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது போனைப் பைக்குள் போட்டுப் பின் சீட்டில் வைத்துவிட வேண்டும் என்பது முதலாளி போட்ட சட்டம். என் வீட்டுக்காரர் சட்டம் என்றால் அப்படியே பிடித்துக்கொள்வார்.

இரண்டு பங்கு ஊசி. நாலு துண்டு ரொட்டி எம்மாத்திரம்? குத்தி இரண்டு மணி நேரம் ஆகப் போகிறது. இந்நேரம் வேனில் பன்னிரண்டு பிள்ளைகளாவது ஏறியிருக்கும். அலமாரியைக்கூடப் பூட்டாமல் ஓடினேன். சூப்பர்வைசர் பின்னாலேயே, "எங்கம்மா போறே, நாலாவது மாடி பாக்கி இருக்கே!" என்று கத்தினார். நாலாவது மாடியா இப்போது முக்கியம்?

வாசலில் செக்யூரிட்டி அண்ணன் வேலை முடிந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டிருந்தார். தினமும் வணக்கம் சொல்வதோடு சரி, அவரிடம் நான் நாலு வார்த்தை பேசியதில்லை. "அண்ணே, என் வீட்டுக்காரர் உசுரு, பதினாலு பிள்ளைங்க உசுரு" என்றேன். ஒன்றும் கேட்காமல், "ஏறும்மா" என்றார்.

அவருடைய பாதை எனக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமைகூடத் தூக்கத்தில் உளறுவார்: தண்ணித் தொட்டி, தையற்கடைச் சந்து, இரட்டைப் பிள்ளைகள் வீடு, பெட்ரோல் பங்க், பாலம், பள்ளி. ஏழேகாலுக்குப் பெட்ரோல் பங்க்கைத் திரும்புவார். பங்க்கைத் தாண்டினால் பாலம். பாலத்தில் இரண்டு பக்கமும் இடுப்புயரக் கம்பிதான். நான் செக்யூரிட்டி அண்ணனின் தோளைப் பிடித்த பிடியில் அவர் இரண்டு தடவை "மெதுவாம்மா, எலும்பு" என்றார். வழியில் எங்கே கூட்டம் நின்றாலும் எட்டி எட்டிப் பார்த்தேன். ஒரு இடத்தில் தள்ளுவண்டிக்காரரிடம் வாழைப்பழம் வாங்க நின்ற கூட்டம் அது. அவர்களை எல்லாம் எனக்கு அறைய வேண்டும் போல இருந்தது.

பங்க்கைத் தாண்டிப் பாலத்துக்கு முன்னால், ரோட்டோரமாக, கோடு போட்ட மாதிரி நேராக நின்றது வேன். நாலு மூலையிலும் மஞ்சள் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. சுவர் எதையும் உரசவில்லை. நான் ஸ்கூட்டர் நிற்கும் முன்னே குதித்து விழுந்து எழுந்து ஓடினேன்.

உள்ளே பின் சீட்டில் அவர் சாய்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மடியில், பக்கத்தில், காலடியில் எல்லாம் திறந்த சாப்பாட்டு டப்பாக்கள். ஒரு வாண்டு ஜாம் தடவிய ரொட்டியை அவர் வாயில் திணித்துக்கொண்டிருந்தது. "மென்னு முழுங்குங்க அங்கிள், என்னோடதுலதான் ஜாம் நிறைய இருக்கு" என்று பக்கத்துச் சீட்டு சண்டைக்கு நின்றது. இரட்டைப் பிள்ளைகள் ஆளுக்கொரு பழச்சாறு பாக்கெட்டோடு வரிசையில் காத்திருந்தன.

என்னைப் பார்த்ததும் அவர் குழறினார். "நீ ஏன் வேலைக்குப் போகலை?"

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "ஆமா, இப்ப அதுதான் குறைச்சல்" என்றேன். பழச்சாற்றை வாங்கி அவர் வாயில் வைத்துப் பிடித்தேன்.

செக்யூரிட்டி அண்ணன் வேனைப் பூட்டிவிட்டு டாக்ஸி பிடிக்கலாம் என்றார். சாவி எங்கே என்று தேடினேன். சாவி இருக்கிற இடத்தில் இல்லை. மூலையில் ஒரு பெண் இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு நின்றாள். வேனிலேயே பெரியவள், எட்டாம் வகுப்பு. ஜன்னல் சீட்டுச் சண்டைக்கெல்லாம் தீர்ப்புச் சொல்வதால் என் வீட்டுக்காரர் அவளை ஜட்ஜம்மா என்றுதான் கூப்பிடுவார்.

"சாவியைக் குடும்மா" என்றேன்.

"மாட்டேன் ஆன்ட்டி."

"நான் அவர் சம்சாரம்."

"தெரியும் ஆன்ட்டி. அங்கிளுக்கு வேர்த்துது. உடனே ஓரமா நிறுத்தி சாவியை எடுத்து என் கையில குடுத்துட்டார். 'எனக்குப் புத்தி தடுமாறும், திருப்பிக் கேட்பேன். யார் கேட்டாலும் குடுக்காதே, நானே கேட்டாலும் குடுக்காதே'ன்னு சொன்னார். நடுவுல ரெண்டு தடவை கேட்டார். திட்டக்கூடச் செஞ்சார். நான் குடுக்கலை."

அவள் உதடு துடித்தது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், சாவி என் விலாவில் குத்தியது.

முதலாளி வருவதற்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ரோட்டில் வேன் நிற்பதைப் பார்த்து யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. முதலில் பிள்ளைகளைத்தான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். நான் டம்ளர் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது அபத்தமாகப் பட்டது. பதினான்கு உயிரை நாங்கள் ஒரு டம்ளரின் தலையில் வைத்திருந்தோம்.

"உன்னைக் குத்தம் சொல்லலைப்பா. நிறுத்தின பாரு, அதுக்குக் கையெடுத்துக் கும்பிடணும்" என்றார் முதலாளி. "ஆனா இந்தப் பிள்ளைங்களைப் பெத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" கையை நீட்டினார். யாரிடம் நீட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஜட்ஜம்மா அவருக்கும் கொடுக்கவில்லை. இவர் முகத்தைத்தான் பார்த்தாள்.

"அங்கிள், குடுக்கலாமா?"

அதற்குள் இவருக்குக் கொஞ்சம் தெளிந்திருந்தது. வாயைத் துடைத்துக்கொண்டார். கண் என்னைப் பார்த்தது, மகனை நினைத்தது எனக்குத் தெரிந்தது. "குடும்மா. இப்ப நல்ல புத்தியோடதான் சொல்றேன்" என்றார். முதலாளி சாவியை வாங்கி, காலி டப்பாக்களோடு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போனார். நாங்கள் ரோட்டோரத்தில் நின்றோம்.

ஆஸ்பத்திரியில் சாயங்காலம் வரை குளுக்கோஸ் ஏற்றினார்கள். மணிக்கொரு தடவை விரலைக் குத்திப் பார்த்தார்கள். நாத்தனார் ஓடி வந்தாள், தலைகூட வாரவில்லை. அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என்றுதான் நான் காத்திருந்தேன். வழியெல்லாம் வார்த்தைகளைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். அவள் என் முன்னால் வந்து, "நான் கழுவாம இருந்திருக்கலாம் அண்ணி" என்றாள்.

எனக்குச் சப்பென்று போயிற்று. துடைப்பம் இருக்கிற இடத்தைச் சொன்ன வாய்க்கு டம்ளரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல நேரம் கிடைக்கவில்லை. மூன்று நாளாக நான் அவளிடம் பேசியதை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். அதிலும் ஒன்று அந்த விருந்தாளிப் பேச்சு. "உட்காரு" என்றேன். "சாப்பிட்டியா?" இல்லை என்று தலையாட்டினாள். நானும் இல்லைதான். இரண்டு பேரும் கேன்டீனில் போய் ஆளுக்கொரு ரொட்டி வாங்கித் தின்றோம். நடுவில் அவள் அழுதாள், நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

இரவு வீட்டுக்கு வந்துவிட்டோம். படுக்கை போடும்போது அவள் கையில் அந்த டம்ளரோடு நின்றாள். ஏதோ வெடிகுண்டு மாதிரி பிடித்திருந்தாள்.

"அண்ணி, இதை எப்படி வைக்கட்டும்?"

"எப்படி வேணா வை. இனிமே அது வெறும் டம்ளர்தான்" என்றேன்.

மறுநாள் நாலு மணிக்கு வழக்கம்போல விழிப்பு வந்துவிட்டது. இந்தப் பாழாய்ப்போன உடம்புக்கு நேற்று நடந்தது எதுவும் தெரியாது. முட்டை வைத்தேன், தண்ணீர் வைத்தேன், சீருடையை மாட்டினேன். நாலே முக்காலுக்கு ஊசியோடு கட்டிலில் உட்கார்ந்தேன். சட்டையைத் தூக்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"எழுந்திருங்க."

"ம்... எதுக்கு? எனக்குத்தான் வேலை இல்லையே."

"வேலை இல்லேன்னாலும் ஊசி இருக்கு. கண்ணைத் திறங்க. நான் குத்துறதைப் பார்த்துக்கங்க. பார்த்துட்டு வாயால சொல்லுங்க, போட்டாச்சுன்னு."

முனகிக்கொண்டே எழுந்து சாய்ந்து உட்கார்ந்தார். குத்தினேன். "ஸ்ஸ்..." என்றார். "போட்டாச்சு."

"இப்ப மட்டும் என்ன ஸ்ஸ்? பதினொரு மாசமா குத்துறேன். ஒரு நாள் அசைஞ்சிருப்பீங்களா?"

ரொட்டித் தட்டை வாங்கிக்கொண்டார். ஒரு துண்டைப் பிய்த்து என் கையில் கொடுத்தார்.

"பாதி நாள் முழிச்சுத்தான் கிடப்பேன்" என்றார். "என்னை எழுப்பிடக் கூடாதுன்னு நீ செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு பூனை மாதிரி நடப்பே. மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் குத்துவே. எழுந்துட்டேன்னு தெரிஞ்சா உனக்கு மனசு விட்டுப்போயிடும்னு கண்ணை இறுக்கி மூடிக்குவேன். நீ கதவைச் சாத்துற வரைக்கும் மூடியேதான் இருப்பேன்."

ரொட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

"அப்ப நேத்து?"

"நேத்து மட்டும் நிஜமாவே தூங்கிட்டேன்" என்றார்.

தெருமுனையில் ஐந்து மணி பஸ் வந்து நின்று கிளம்புகிற சத்தம் கேட்டது. போகட்டும் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவர் இரண்டாவது முட்டையை உரித்துப் பாதியை என்னிடம் நீட்டினார். வாங்கித் தின்றேன்.